கூடுதலாக இழுத்த முன்னூற்று நாற்பது மீட்டர்

யெலேனியா கூரா விமானத்திடல்,
வியாழன் பிற்பகல்.

நம் கிளைடர் சங்கத்தின் மாண்புமிகு தலைவரும் என் தங்கை இரேனாவின் கணவருமான மாப்பிள்ளை லெஷெக் அவர்களுக்கு, போகுமில் எழுதுவது. ஏறிய தடவை எத்தனையோ அத்தனை தடவையும் பத்திரமாக இறங்க வாழ்த்துகிறேன். நான் இங்கு நலமாக இல்லை. இதைப் படித்து முடிக்கும்போது நீங்களும் நலமாக இருக்கக் கூடாது என்பது என் விருப்பம்.

மலை அலையில் பறக்கலாம் என்று எங்கள் ஒன்பது பேரையும் அனுப்பி வைத்தீர்கள். பத்து நாள் காற்றே இல்லை. ஒன்பது மேதைகளும் புளித்த மாவு சூப்பைக் குடித்தபடி ஆளுக்கொரு வானிலை சொன்னோம். முழங்கால் வலியை வைத்துச் சொன்னவன் சொன்னதுதான் பலித்தது. நேற்று தெற்குக் காற்று மலையைத் தாண்டி விழுந்து அலையாக எழும்பியது. கிளைடரை இழுத்துப் போகும் விமானத்தின் கயிற்றை விட்ட உயரத்திலிருந்து ஐயாயிரம் மீட்டர் ஏறினால் கிடைக்கும் வைரச் சின்னத்துக்காக நான் இருபத்திரண்டு வருஷம் தவம் கிடந்தவன். எனக்கு வயது அறுபத்தொன்பது. சனிக்கிழமையோடு என் மருத்துவச் சான்று முடிகிறது, இனிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவும் தெரிந்துமா என்னை இழுக்கும் விமானத்தில் அந்தப் பல் டாக்டர் தெக்லாவை உட்கார வைத்தீர்கள்?

தொள்ளாயிரம் மீட்டரில் விடுவதாகப் பேச்சு. அலைக்கு அடியில் உருளும் காற்றில் மாட்டினோம். என் பிளாஸ்க் என் தலையிலேயே மோதியது, ரேடியோவில் கரகரப்பு, கருவிகளின் கண்ணாடியெல்லாம் ஆவி, முன்னால் அந்த அம்மாளின் விமானம் குடிகாரன் மாதிரி இடமும் வலமும் ஆடுகிறது. உலுக்கல் நின்றதும் கயிற்றை விட்டேன். அப்புறம் சொர்க்கம், மாப்பிள்ளை. ஆறாயிரத்து நூறு வரை ஏறினேன். இருநூறு மீட்டர் உபரி, போதும் என்று பாடிக்கொண்டே இறங்கினேன். அலை இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருந்தது.

கீழே பதிவுக்கருவியைப் பார்த்தால், நான் கயிற்றை விட்டது ஆயிரத்து இருநூற்று நாற்பதில்! நூற்று நாற்பது மீட்டர் குறைகிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், எழுத வெட்கமில்லை.

"என்னம்மா செஞ்சே?" என்றேன்.

"தப்பு என்னோடதுதான் அண்ணே. உங்க வயசுக்கு மரியாதையா இருக்கட்டும்னு கொஞ்சம் கூட இழுத்துட்டேன்."

"பல்லுன்னா கேக்காமலே பிடுங்குறே, என்னை மட்டும் விட மனசு வரலையாக்கும்!"

அவள் பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டாள். திமிர். இப்படிப்பட்டவளை உடனே நீக்குங்கள். நீக்காவிட்டால் இதையே என் விலகல் கடிதமாக வைத்துக்கொள்ளுங்கள். இரேனாவுக்கு என் ஆசி. உங்களுக்கு வேண்டுமானால் அவளிடம் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

போகுமில்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது சமையல்காரி பொஷேனா சூப்புக் கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன்யா, அந்தப் பொண்ணு மேல இன்னுமா பழி போடுறீரு? கயித்த விடும்னு மூணு தடவை இறக்கைய ஆட்டிச்சு, திடலே பார்த்துச்சு. நீருதான் உடும்பா தொங்கினீரு. அண்ணன் மனசு உடைஞ்சிருவாரு, சொல்லாதீங்கன்னு அதுதான் எங்க வாயையெல்லாம் அடைச்சிருக்கு!"

இறக்கையை ஆட்டினால் கயிற்றை விட வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். நாற்பது பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நாளை மறுபடி காற்று எழும்புமாம், முழங்கால்காரன் சொல்கிறான். தெக்லாதான் இழுக்கிறாள். வேறு யார் இழுத்தாலும் ஏற மாட்டேன் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.