முட்டபேடா அண்ணனும் அணைக்கக் கூடாத பெட்டியும்

ஓசூரில் யானைக்குப் பயப்படாத ஆட்கள் பலர் உண்டு. ஒரு சுவிட்சுக்குப் பயந்தே காலத்தைக் கழித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் சாலைக்கு வந்து, எங்கள் கம்பெனி பஸ்ஸே ரிவர்ஸில் போன ஒரு காலையில், ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு நிதானமாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார் அந்த மனிதர். அதே மனிதர், கம்பெனிக்குள் நான் ஒரு தும்மல் போட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் முட்டபேடா அண்ணன். முட்டபேடா என்றால் கன்னடத்தில் 'தொடாதே'. வேப்பனப்பள்ளிக்காரரான அவருக்கு வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். பயம் வந்தால் மட்டும் கன்னடம் வரும். கம்பெனியில் அவர் பேசியதில் பாதிக்கு மேல் கன்னடம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர்க்காரி. ஓசூர் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில் அளவு பார்க்கும் வேலை. அறை நடுவே கருங்கல் மேடை. மேலிருந்து ஓர் ஊசி இறங்கி, பல்சக்கரத்தை அங்கங்கே தொட்டுத் தொட்டு அளவு சொல்லும். அந்த ஊசிக்கு மூளை, மூலையில் இருந்த பழைய ஒர்க்ஸ்டேஷன். பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வாங்கி வந்தது. பெட்டி பீட்சா டப்பா போலத் தட்டை. மானிட்டர் மட்டும் ஆட்டுக்கல் கனம். உள்ளே ஓடியது நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவது அல்ல, அந்தக் காலத்து யுனிக்ஸ்.

முதலாளி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். "இந்தப் பொட்டி படுத்துச்சுன்னா புதுசெல்லாம் வாங்க முடியாது. ரூமை மூடிட்டு அளவை வெளியில குடுத்துப் பாத்துக்குவேன்." அந்த ரூமில் நாங்கள் நாலு பெண்கள். நாலு பேருமே வெளியூர். நாலு பேர் வீட்டு அடுப்பும் அந்தப் பெட்டியின் சூட்டில்தான் எரிந்தது.

அதற்குக் காவல் முட்டபேடா அண்ணன். கம்பெனியில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் மற்றவற்றை அவர் மனிதனாகவே மதிக்கவில்லை. இந்தப் பெட்டியை அணைத்து யாரும் பார்த்ததில்லை. கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ், அந்த யூபிஎஸ் போனால் தாங்க இன்னொரு யூபிஎஸ். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறக்கக் கூடாது. கதவைச் சாத்தினால் சத்தம் வரக் கூடாது. ஒருமுறை ஆடிட்டுக்கு வந்த பெரிய அதிகாரி, "இது இன்னுமா ஓடுது?" என்று ஆசையாக விரலை நீட்டிவிட்டார். அறையின் அந்தக் கோடியிலிருந்து "முட்டபேடா!" என்று ஓர் அலறல். அந்த மனிதர் காப்பியைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார்.

தினமும் காலையில் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ ஜெபிப்பார். குலதெய்வம் போல என்று நினைத்து ஒருநாள் நானே கேட்டேன்.

"எந்த சாமிண்ணே? ரொம்பச் சக்தியுள்ள சாமியோ?"

"சக்தியெல்லாம் இருக்குதும்மா. ஞாபகம்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆயுத பூஜை வந்தால் அவருக்குக் குலை நடுங்கும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அன்றைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொட்டுப் பொட்டாக அலங்கரித்து ஓய்வு கொடுப்பார்கள். வருஷம் முழுக்க உழைத்த இரும்புக்கு ஒருநாள் லீவு. ஒவ்வொரு வருஷமும் அண்ணன் அந்தப் பெட்டி மேல் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்காமல் இருக்க, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்.

இந்த முறை அதே நாளில் ஊரில் அவருடைய தங்கை மகளுக்கு நிச்சயம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, 'முட்டபேடா' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். நாங்கள் பெண்களும் கேன்டீன் பக்கம் கோலம் போடப் போயிருந்தோம். பயபக்தியோடு அறைக்குள் வந்த முதலாளி அட்டைப்பெட்டியைத் தூக்கினார். "அடடா, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தன் கையாலேயே சுவிட்சை அணைத்து, சந்தனம் தடவி, எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஜெபிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். விசிறிச் சத்தம் இல்லை.

"ஹோய்த்து" என்றார். போச்சு என்று அர்த்தம். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

சுவிட்சைப் போட்டோம். உள்ளே கடக், கடக் என்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. வெள்ளைத் திரையில் ஏதேதோ வரிகள். வரும் திங்கட்கிழமை பெரிய வாடிக்கையாளர் ஆள் அனுப்பி, எங்கள் ஊசி அளவெடுப்பதை நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. முதலாளி எட்டிப் பார்த்தார். தன் கையால் நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. "திங்கட்கிழமைக்குள்ள ஓடலைன்னா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். சந்தனம் வைத்த மகராசன்!

அண்ணன் தரையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். டிஸ்க் செத்துவிட்டது. அது போகட்டும். உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் இருக்கும்வரைதான் பெட்டிக்குத் தன் நம்பர் ஞாபகம் இருக்கும். அணைத்தால் தான் யாரென்றே மறந்துவிடும். அந்த நம்பர் இல்லாமல் அளவெடுக்கும் புரோகிராம் திறக்காது.

"அப்ப அவ்வளவுதானாண்ணே?"

எழுந்து போய் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்தார். துண்டில் சுற்றிய இன்னொரு டிஸ்க். இந்த மாதிரிப் பழைய பெட்டிகளில் ஓடுகிற, இன்றைக்கும் ஆர்வலர்கள் இலவசமாகத் தருகிற ஒரு யுனிக்ஸ் அவர் லேப்டாப்பில் தயாராக இருந்தது. பழைய புரோகிராமை அப்படியே ஓட்டத் தெரிந்த யுனிக்ஸ். புரோகிராமுக்கும் நகல் வைத்திருந்தார். இந்த நாள் வரும் வரும் என்று பயந்து பயந்து, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார் மனிதர்!

டிஸ்கை மாட்டினார். லேப்டாப்பையும் பெட்டியையும் ஒரு வயரால் இணைத்தார். இனி நம்பரைத் தட்ட வேண்டும். அண்ணன் கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ அடிம்மா. நான் சொல்றேன்."

"எங்கண்ணே எழுதி வச்சிருக்கீங்க?"

கண்ணை மூடினார். உதடு அசைந்தது. தினமும் வாசலில் நின்று ஜெபித்த அதே மந்திரம். மறந்துபோகிற பெட்டிக்காக இவர் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். ஆனால் பயத்தில் நம்பர் முழுக்கக் கன்னடத்தில் வந்தது. "எரடு... ஏளு... எண்ட்டு... ஒம்பத்து..."

ஓசூர் சந்தையில் தக்காளி பேரம் பேசியே கன்னட எண்களைப் படித்தவள் நான். ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்று தப்பினாலும் நாலு பேர் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். திரை ஏற்றுக்கொண்டது.

அடுத்து திரையில் ஒரு கேள்வி. டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?

"பேடா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது புது டிஸ்க். அழியறதுக்கு உள்ள என்ன இருக்கு?"

"தெரியும்மா. ஆனா கேக்குதே!"

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க." நான்தான் அழுத்தினேன். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அதன் பிறகு அந்தப் பெட்டி எங்கள் உயிரை எடுத்தது. ஒரு வரி வரும், நிற்கும். டீ வந்து ஆறிப்போகும், அடுத்த வரி வரும். நின்றுபோனதோ என்று நினைத்தால் நகரும். நகர்கிறதே என்று மூச்சு விட்டால் நின்றுவிடும். நாங்கள் நாலு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அண்ணன் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாயங்காலம் புரோகிராம் திறந்தது. மேடையில் அளவு தெரிந்த உருண்டை ஒன்றை வைத்தோம். ஊசி அதைத் தொட்டு, சரியான அளவைச் சொன்னால் பிழைத்தோம். ஊசி மெதுவாக இறங்கியது. பாதியில் ஒரு கணம் தயங்கியது.

வாழ்நாள் முழுக்கத் தொடாதே தொடாதே என்று கத்தியவர், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அந்த ஊசியிடம் கெஞ்சினார். "முட்டு... முட்டம்மா... முட்டு."

தொட்டது. திரையில் அளவு வந்தது. சரியான அளவு. நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதோம். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டி மேலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குண்ணே இவ்வளவு பயம்? வேலை போனா உங்களுக்கு என்ன? வேப்பனப்பள்ளியில மாந்தோப்பு இருக்குல்ல?"

"எனக்கு இருக்குதும்மா" என்றார். "உங்க நாலு பேருக்கு?"

அந்தக் கம்பெனியில் எங்களுக்காகப் பயந்த ஒரே மனிதர் அவர்தான்.

திங்கட்கிழமை வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். அண்ணன் அதன்பின் சில மாதங்களில் வேலையை விட்டு மாந்தோப்புக்கே போய்விட்டார். பெட்டி இன்னும் ஓடுகிறது. காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நான்தான் நம்பரை ஜெபிக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது ஆசையாக விரலை நீட்டினால், விருதுநகர்க்காரி என் வாயிலிருந்து முதலில் வருவது கன்னடம்தான்.