குத்தகைக் காருக்கு வந்த சோதனை

"வர்ற ஆளு காரைச் சுத்திச் சுத்தி வருவாரு. குனிவாரு, நிமிருவாரு, லென்ஸ் வெச்சுப் பார்ப்பாரு. ஒண்ணும் கிடைக்காது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாரு, நீ பாரு!"

வெஸ்ஸல் இப்படிச் சபதம் போட்டபோது அவன் வாயில் கீரை கலந்த உருளைக்கிழங்கு மசியல் பாதி இருந்தது. மீதிப் பாதி சபதத்தோடு சேர்ந்து மேசைக்கு வந்தது. ரென்ஸ்கே துணியை எடுத்துத் துடைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சபதங்களைத் துடைப்பது அவள் வேலை.

எங்கள் ஆசென் ஊரில் வெஸ்ஸலைத் தெரியாதவர் கிடையாது. மெத்தைக் கடையில் விற்பனையாளன். "எப்பேர்ப்பட்ட ஆளையும் அஞ்சே நிமிஷத்துல படுக்க வெச்சிடுவேன்" என்று மார்தட்டிக் கொள்வான். பொய் இல்லை. அவன் பேச ஆரம்பித்தால் யாருக்கும் கொட்டாவி வரும்.

அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற சின்ன நீலக் கார் சொந்தமல்ல, குத்தகை. கெடு முடிகிறது. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி ஆய்வாளர் வந்து, கீறல் உண்டா, நசுங்கல் உண்டா என்று சோதனை போடுவார். குறை கண்டால் தண்டம் கட்ட வேண்டும். குத்தகை என்ற சொல்லைக் கண்டுபிடித்த மகராசன் அதன் தலையிலேயே ஒரு குத்தை வைத்திருக்கிறான் பாருங்கள். கடைசி நாள் வரை அது வலிக்காது.

"இதைக் குடுத்துட்டு அந்தக் கறுப்பு வண்டியை எடுக்கறோம்" என்றான் வெஸ்ஸல். "ஏழு பேர் உட்காரலாம்."

"நாம ரெண்டு பேருதானே?"

"எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. மீதி அஞ்சு கௌரவத்துக்கு."

"அம்மாடி, கௌரவம் அவ்வளவு குண்டா?"

"கிண்டல் பண்ணாதே. ஷோரூம்ல அதுல ஏறி உட்கார்ந்தேன் ரென்ஸ்கே. இறங்கவே மனசு வரலை."

"எனக்கு இந்த நீலமே போதும். கம்பெனிகிட்டயே விலை பேசி வாங்கிப்போம்."

ரென்ஸ்கே சும்மா சொல்லவில்லை. அவள் மருத்துவச்சி. எங்கள் ஊரில் பாதிக் குழந்தைகள் வீட்டிலேதான் பிறக்கின்றன. போன் வந்தால் போட்டது போட்டபடி கிளம்புவாள். கால்வாய்க் கரைச் சந்துகளில் சைக்கிள் நுழைகிற இடத்தில் அந்தக் காரும் நுழையும். இது வரை ஒரு குழந்தையும் அவளுக்கு முந்திக்கொண்டு வந்ததில்லை. அந்தக் கார் என்றால் அவளுக்கு உயிர். ஏழு பேர் வண்டியை எந்தச் சந்தில் விட்டு எந்தக் குழந்தையைப் பிடிப்பது?

"சரி, பந்தயம்" என்றான் வெஸ்ஸல். "வர்றவரு ஒரே ஒரு குறை கண்டுபிடிச்சாலும் நீ சொல்ற கார். கண்டுபிடிக்கலைன்னா நான் சொல்ற கார். அப்புறம் முணுமுணுக்கக் கூடாது."

ரென்ஸ்கே துடைத்த துணியை ஓரமாக வைத்தாள். "கையைக் குடு" என்றாள்.

மறுநாளே போர் தொடங்கியது. சீட்டுக்கு அடியில், லீவுக்குப் போய்வந்த தீவுக் கடற்கரையின் மணல் பாதி கிடந்தது. அந்தத் தீவு இன்னும் மூழ்காமல் இருப்பதே அதிசயம். நாய் முடியைச் சேர்த்தால் இன்னொரு நாய் செய்யலாம். டிக்கியில் என்றோ செத்த ஹெரிங் மீனின் ஆவி உலாவியது. சீட்டின் இடுக்கில் உப்பு போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்று உருகி, ஒட்டி, கருங்கல்லாய் இறுகி, இடத்தை விட்டு வருவேனா என்று உட்கார்ந்திருந்தது. வெஸ்ஸல் அதன் முன்னால் மண்டி போட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தான்.

"வெஸ்ஸல், கையில என்ன பிரஷ்ஷு?"

"பழைய டூத் பிரஷ்."

"பழசா? காலையிலதான் அதுல பல்லு விளக்கினேன்!"

"அதான் நல்லா தேயுது."

அன்றைக்கு வேறு மனைவியாக இருந்தால் அந்தப் பிரஷ்ஷை அவன் தலையில் உடைத்திருப்பாள். ரென்ஸ்கே சிரித்துக்கொண்டே காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடி துடைத்தாள். "உன் கை பட்டா தகரம்கூடத் தங்கம்தான்" என்றாள். வெஸ்ஸலுக்குத் தலைகால் புரியவில்லை. பந்தயத்தில் தோற்கப் போகிறவள் இப்படி ஒத்தாசை செய்கிறாளே, எவ்வளவு நல்ல மனசு என்று உருகிப் போனான்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கீறல். பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, நகத்தளவு. எப்போதோ ஒரு சைக்கிள் உரசிவிட்டுப் போனது. வெஸ்ஸல் அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தான். பக்கத்து வீட்டு லாமர்ட் வேலிக்கு மேலே தலையை நீட்டினான். லாமர்ட் போன வருஷம்தான் இதே மாதிரி ஒரு காரைத் திருப்பிக் கொடுத்தவன்.

"அதைத் தொடாதேய்யா" என்றான் லாமர்ட்.

"ஏன்?"

"ஓடின கார்ல அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். தேய்மானம்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. தண்டம் கிடையாது."

"தேய்மானமா? தேயறது என் மானம்யா!"

"சொன்னாக் கேளு. நீயா பெயிண்ட் அடிச்சேன்னா காரியம் கெட்டுப் போகும்."

ரென்ஸ்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காதில் விழாமலா இருக்கும்?

"லாமர்ட்டுக்கு என்ன தெரியும்?" என்றாள். "அவரு வீட்டுச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சதைத்தான் பார்த்தோமே. உன் கை அப்படியா? நீ அடிச்சா அடிச்ச இடமே தெரியாது."

"கேட்டியாய்யா?" என்றான் வெஸ்ஸல் வேலியைப் பார்த்து.

"உன் தலையெழுத்து" என்று லாமர்ட் தலையை இறக்கிக்கொண்டான்.

கடையில் பத்து நீலம் பார்த்து, பதினோராவது நீலம் வாங்கினான் வெஸ்ஸல். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டுத் தொட்டு வைத்தான். வேலை முடிந்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். கீறலைக் காணோம். நாலடி தள்ளி நின்றான். இன்னும் அழகு. எதிர்வீட்டு வாசலில் போய் நின்று பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

சோதனைக்கு முந்தின நாள் ரென்ஸ்கே கேட்டாள்: "வர்றவருக்கு என்ன குடுக்கப் போறே?"

"இதென்ன கேள்வி? ஒரு காப்பி. ஒரு பிஸ்கட்."

சரியான பதில்தான். எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டுவோம். அவர் ஒன்று எடுத்ததும் டப்பென்று மூடுவோம். ராஜாவே வந்தாலும் ஒன்றுதான். கொடுப்பவருக்கும் வெட்கமில்லை, எடுப்பவருக்கும் வருத்தமில்லை.

"பாவம் வெஸ்ஸல், அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாரு. ஒத்தை பிஸ்கட்டைக் குடுத்தா எப்படி? நான் ஆப்பிள் கேக் பண்றேன். மேலே க்ரீம் அடிச்சு வெக்கறேன். வயிறு நிறைஞ்சா மனசு இளகும்."

வெஸ்ஸல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "தோக்கறோம்னு தெரிஞ்சும் இவ்வளவு பெருந்தன்மையா?"

"என்ன பண்றது? புருஷனாச்சே."

அவன் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, கறுப்பு வண்டிக்கு எந்த நிற சீட்டு எடுக்கலாம் என்று யோசித்தபடியே தூங்கிப் போனான்.

ஆய்வாளர் ஹூக்ஸ்ட்ரா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒட்டடைக்கம்பு மாதிரி நெட்டை. சிரிப்பு என்பது பிறர் முகத்தில் வருவது என்று நினைப்பவர். காரைச் சுற்றி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். சீட்டுக்கு அடியில் தலையை விட்டார், மணல் இல்லை. டிக்கியில் மூக்கை விட்டார்; மீன் இல்லை. பின்கதவைத் தாண்டி நடந்தார். வெஸ்ஸல் மூச்சு விடவில்லை. அவர் நிற்கவும் இல்லை.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். எங்கள் பக்கத்து ஆட்கள் வாயில் அது ஒரு கவிதைக்குச் சமம். "குறை ஒண்ணும் இல்லை. கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

வெஸ்ஸல் பேனாவுக்குக் கை நீட்டினான். ஏழு சீட்டும் கண் முன்னால் வரிசையாக நின்றன.

"அவசரம் என்ன? முதல்ல காப்பி குடிங்க" என்று ரென்ஸ்கே தட்டோடு வெளியே வந்தாள்.

தட்டில் ஒரு துண்டு ஆப்பிள் கேக். துண்டா அது? கால் கேக். மேலே க்ரீம் குன்று போல நின்றது. ஹூக்ஸ்ட்ரா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து முள்கரண்டியை எடுத்தார். கேக்கைப் பார்த்தார். பிறகு ரென்ஸ்கேவைப் பார்த்தார்.

"யாருக்குப் பிறந்த நாள்?"

"யாருக்கும் இல்லை. உங்களுக்காகத்தான் பண்ணினேன்."

"எனக்காகவா?"

"ஆமா. என் வீட்டுக்காரருக்குத்தான் உங்க மனசு குளிரணும்னு ஒரே தவிப்பு. ஏன் நிறுத்திட்டீங்க, சாப்பிடுங்க. உள்ளே இன்னொரு துண்டு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

"ரெண்டாவது துண்டா?" ஹூக்ஸ்ட்ரா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்கும் கொஞ்சம் கட்டித் தரட்டுமா?"

அவ்வளவுதான். ஹூக்ஸ்ட்ரா எழுந்து நின்றார்.

"அம்மா, இத்தனை வருஷத்துல எனக்கு ரெண்டாவது பிஸ்கட் குடுத்தவரு ஒரே ஒருத்தர்தான். அவரு காருக்கு முன்பாதி ஒரு காரோடது, பின்பாதி வேற காரோடது."

தன் வண்டிக்குப் போனார். ஒரு பெரிய விளக்கும், பெயிண்டின் கனத்தை அளக்கிற சின்னக் கருவியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கருவி முன்கதவில் சும்மா இருந்தது. மேல்கூரையில் சும்மா இருந்தது. பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, "கீ...ங்" என்று அலறியது.

"இங்கே பெயிண்ட் அடிச்சது யாரு?"

"நா... நான்தான். அடிச்ச இடமே தெரியலை, இல்லீங்களா?"

"விளக்குல பாருங்க."

வெஸ்ஸல் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் அவன் பதினோராவது நீலம் அசல் நீலத்துக்குத் தூரத்து உறவு கூட இல்லை. கம்பளிப்பூச்சி ஒன்று கதவில் ஏறுவது போலப் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"அடியில என்ன இருந்துச்சு?"

"சின்னக் கீறல். இத்தினியூண்டு." வெஸ்ஸல் நகத்தைக் காட்டினான்.

"அதுக்கா இவ்வளவு? விட்டிருந்தீங்கன்னா தேய்மானம்னு போட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப இது பழுது. கதவு முழுக்கத் திரும்ப அடிக்கணும். தண்டம் உண்டு."

வெஸ்ஸல் கட்டைவிரலால் அந்தக் கம்பளிப்பூச்சியைத் தேய்த்துப் பார்த்தான்.

"ஒரு சந்தேகம்" என்றாள் ரென்ஸ்கே, மெதுவாக. "நாங்களே இந்தக் காரை வாங்கிக்கிட்டா?"

"அப்போ தண்டம் இல்லை. பழுதோட மதிப்பை விலையிலேயே கழிச்சிடுவாங்க. உங்களுக்கு லாபம்தான்."

"அதேதான் ஆபீஸ்லயும் சொன்னாங்க. நான் போன வாரமே கேட்டு வெச்சேன்."

ஹூக்ஸ்ட்ரா அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி உட்கார்ந்து கேக்கை முழுக்கச் சாப்பிட்டார். போகும்போது வெஸ்ஸலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"செல்லாது! இந்தப் பந்தயம் செல்லாது!" என்று குதித்தான் வெஸ்ஸல். "அவரு கையெழுத்துக்கு வந்துட்டாரு. நீ கேக்கைக் கொண்டாந்து கெடுத்தே!"

"வந்த மனுஷனுக்குச் சாப்பிடக் குடுத்தேன். இது ஒரு குத்தமா?"

"பெயிண்ட் அடின்னதும் நீதான்!"

"அடிக்காதேன்னு லாமர்ட் சொன்னாரு. நீ யாரு பேச்சைக் கேட்டே?"

"உன் பேச்சை!"

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை. அதுக்குப் பலன் கிடைச்சுதா இல்லையா?"

ரென்ஸ்கே காரின் கூரையைத் தடவிக் கொடுத்தாள். தான் இழுத்து எடுத்த குழந்தையைத் தடவுகிறவள் போல அவள் முகம் பூரித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவன் கோபம் பாதி இறங்கிவிட்டது. கறுப்பு வண்டியாவது ஒன்றாவது, இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குள் மழை தூற ஆரம்பித்தது. கடைக்கு நேரமாகிவிட்டது. தோற்றாலும் ராஜாதான் என்ற நடையோடு வந்து கையை நீட்டினான்.

"சரி, சாவியைக் குடு. கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

ரென்ஸ்கே அவன் ஷூவைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைக் காட்டினாள்.

"இவ்வளவு பாடுபட்டுத் துடைச்சு வெச்சிருக்கே, அதுல போய் ஈரக் காலோட ஏற உனக்கு எப்படி மனசு வருது?"