கட்டம் சாரும் ஒரு மூட்டை வெங்காயமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, குரும்பலூரில் நாற்காலி, மேஜை வாடகைக்கு விடுகிறவன் நான். அது சின்னத் தயக்கம். “திட்டம் போடாமயா எழுத உக்காந்தீங்க?” என்று கட்டம் சார் கேட்டுவிடுவாரே என்பதுதான் பெரிய தயக்கம். போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளி அம்மனைக் கும்பிட்டுத் துணிந்துவிட்டேன்.

உலகத்தில் எதெது தவறிப்போகும் என்பதை, அது தவறுவதற்கு முன்பே கட்டம் போட்டு எழுதிவைத்த ஒரே மனிதர் அவர்தான்.

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்லூரி. மாணவர்கள் டிவி நிகழ்ச்சி எடுத்துப் பழக அங்கே ஒரு ஸ்டூடியோ உண்டு. அதன் பொறுப்பாளர் அவர். யார் எப்போது வரணும், எந்த நாற்காலி எங்கே, எந்தக் கேமரா எதைப் பார்க்கணும், எல்லாவற்றுக்கும் தாளில் கட்டம். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, ‘இது தவறினால்?’ அது நிரம்பாமல் ஸ்டூடியோ சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது.

முதல் தடவை நாற்காலி கொண்டுபோன அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இதுல ஒண்ணு கால் ஆடுது. அது விருந்தாளிக்கு வந்துட்டா?”

“வேற மாத்திரலாம் சார்.”

“அதுவும் ஆடினா?”

“பாய் விரிச்சுரலாம் சார்.”

மனிதர் நிஜமாகவே ‘பாய்’ என்று எழுதிக்கொண்டார். வாசல் டீக்கடையிலும் இதே கதைதான். “டீ இல்லாட்டி?” “காபி சார்.” “காபியும் இல்லாட்டி?” டீ மாஸ்டர் கும்பிட்டார். “நீங்க வராம இருங்க சார், எனக்கு அது போதும்!”

என் மகள் தேன்மொழி அவரிடம்தான் படித்தாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கடைசி வருஷப் பரீட்சை என்பது அரை மணி நேர நிகழ்ச்சி. நடுவில் ஒரு இடத்தில்கூட நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பட்டம் அடுத்த வருஷம்தான். அவள்தான் டைரக்டர். எடுத்துக்கொண்டது, சின்ன வெங்காயச் சமையல்.

ஒத்திகை அன்று நாற்காலி இறக்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். கேமரா பிடிக்கிற மூன்று பிள்ளைகளும் வெறுங்காலோடு, கண்ணில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நடந்தார்கள். தாளில் உள்ள கட்டத்தின் நம்பர்படி, கேமரா நிற்க வேண்டிய இடங்களில் தரையில் சணல் துண்டு ஒட்டியிருந்தது. கால்விரலால் அதைத் தடவித் தடவி நின்றார்கள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தேன்மொழி வெடித்தாள். “வெங்காயத்துல கண்ணு கலங்குமாம்ப்பா! கால் கிலோ வெங்காயத்துக்கு இந்தக் கூத்து!”

கட்டம் சார் அசரவில்லை. “சமைக்க வர்றது யாரு?”

“எங்க அத்தை சார். அரும்பாவூர்ல வெங்காய விவசாயம்.”

“அப்ப கண்ணைக் கட்டித்தான் பழகணும்.”

பரீட்சை நாள். திருச்சியிலிருந்து தேர்வாளர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார், ஆடாத நாற்காலி. என் அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே ஒரு மூட்டை இறங்கியது.

“ஏங்க்கா, கால் கிலோன்னுதானே சொன்னோம்?”

“அடப் போடா! நாலு பெரியவங்க இருக்கிற சபைக்குக் கால் கிலோவத் தூக்கிட்டு வந்தா நம்ம மானம் என்னாவுறது?”

நிகழ்ச்சி ஆரம்பித்தது. அக்கா அரிவாள்மனையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. முறம் முறமாக உரித்துத் தள்ளுகிறாள். ஏசி போட்டு அடைத்த அறை, காற்று வெளியே போக வழியில்லை. ஐந்தாவது நிமிஷம் தேர்வாளர் கர்ச்சீப்பை எடுத்தார். கேமராப் பிள்ளைகளுக்குக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டுகிறது. ஒருவனுக்கும் கண் திறக்க முடியவில்லை. போச்சு, என் பிள்ளையின் பட்டம் போச்சு. “தாயே மதுரகாளி!” என்று மூலையில் நின்று கையெடுத்தேன்.

தேன்மொழி பக்கத்துக் கண்ணாடி அறையில் இருந்தாள். அங்கே வெங்காயம் எட்டாது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்ததால் அவள் குரல் எனக்கும் கேட்டது.

“கண்ணை மூடிக்கங்கடா. கைக்குட்டை கட்டுன மாதிரி நினைச்சுக்கங்க. ரெண்டாம் கேமரா, மூணாம் கட்டம்!”

வெறுங்கால் நகர்ந்தது. விரல் சணலைத் தேடியது. கேமரா நின்றது. என் பக்கத்தில் இருந்த டிவிப் பெட்டியில் அக்கா முகம் அம்சமாக விழுந்தது! “ஒண்ணாம் கேமரா, அஞ்சு!” பெட்டியில் அடுப்புச் சட்டி தெரிந்தது. அக்கா கேமராவைப் பார்த்து, “அழுவாதீங்க சாமிகளா, நம்மூரு வெங்காயம் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த முறத்தை இழுத்தாள். கட்டம் சாரும் கண்ணைத் துடைத்தபடியே தாளில் ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் முடிந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

தேர்வாளர் சிவந்த கண்ணோடு வெளியே வந்தார். “நிகழ்ச்சி உருக்கமா, வெங்காயம் உறைப்பான்னு எனக்குத் தெரியலை. ஆனா கண்ணை மூடிக்கிட்டு மார்க் போடலாம்!” பிள்ளைகள் போட்ட கூச்சலில் டீ மாஸ்டர் கடையை விட்டு ஓடிவந்தார். தேன்மொழி, கட்டம் சார் காலில் விழுந்தாள். அவர் பதறினார். “எந்திரி, எந்திரி. இது தாளில் இல்லை.”

இப்போது அவள் சென்னையில் ஒரு சேனலில் இருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வருவதற்கும் எனக்கு ஒரு தாள் அனுப்புகிறாள். ‘பஸ் தவறினால்?’ என்று அதிலும் ஒரு கட்டம்.

அம்மன் கோவிலில் அர்ச்சனைக்கு எங்கள் வீட்டார் பெயரெல்லாம் சொன்ன பிறகு இன்னொரு பெயரும் சொல்வேன். “கட்டம் சார்.” பூசாரி நட்சத்திரம் கேட்பார். தெரியாது என்பேன். நிஜப் பெயரே தெரியாது. அம்மனுக்குத் தெரியும்.

இதை யாரிடமாவது சொல்வதானால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சுவைக்காக மூட்டையை நாலாக்கிவிடாதீர்கள். ஒரு மூட்டைதான். அவர் தாளின் கடைசிக் கட்டத்திலும், ‘கால் கிலோ தவறினால்?’ என்பதற்கு நேரே, ஒரு மூட்டை என்றுதான் முன்பே எழுதியிருந்தார்.