சங்கிலியும் நோன்பு வெடியும்

ஒழுங்கான மனிதர்களால் ஊருக்கு நேரும் கேடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சோம்பேறி ஒரு வேலையைக் கெடுக்கத் தொடங்கினால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவான். கேடும் பாதியோடு நிற்கும். ஒழுங்கானவன் கடைசித் திருகாணி வரை முறையாக முடுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான். நான் இரண்டாவது ரகம். சட்டைகளை நிறவாரியாக அடுக்குகிறவன். மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று நாட்குறிப்பில் எழுதுகிறவன். (மட்டாஞ்சேரி மழைக்கு அப்படிக் கணக்கு வைக்கிறவனுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது என் மனைவி லலிதாவின் கட்சி.)

எண்பதாம் வருஷம், ஆடி மாதம். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறையான குடும்பம் எங்களுடையது. தெருவில் எங்களைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். அடுத்த வீட்டு இப்ராஹிம் ராவுத்தர் கப்பல்களுக்குக் கயிறு விற்பவர், வீட்டில் தமிழ் பேசுகிறவர். நான் எத்தனையாவது கையாகவோ வாங்கிய சின்னக் காருக்கு அவர்தான் தம் கயிற்றுக் கிடங்கில் இடம் கொடுத்திருந்தார்.

அந்தக் காரின் என்ஜினுக்குள் ஒரு சங்கிலி உண்டு. டைமிங் செயின் என்பார்கள். கீழே ஒரு பல்சக்கரம், மேலே ஒரு பல்சக்கரம். இரண்டும் தாளம் தப்பாமல் சேர்ந்து சுற்றும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. எங்கள் வண்டியில் அது தேய்ந்து தொங்கிப்போய், தகர டின்னில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் போட்டது. நான் தெருக்கோடியில் திரும்பும்போதே லலிதா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அந்தச் சத்தத்தால் யாருக்கும் தொந்தரவில்லை, என்னைத் தவிர.

தோப்பும்படி மெக்கானிக் வறீது சேட்டன் கோயமுத்தூரிலிருந்து புதுச் செயினை வரவழைத்து என் கையில் கொடுத்துவிட்டு, மகளின் பிரசவத்துக்காக ஆலப்புழை போய்விட்டார். வந்து மாட்டுகிறேன், அதுவரை குலுங்கட்டும் என்றார். அவருக்கென்ன, அவர் காதா?

அது ரமலான் மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை ராவுத்தரின் மகள் ஷெரீபாவுக்கு முதல் நோன்பு. பத்து வயது. அவள் பெரியத்தா (பெரியப்பா) மகன் ஒருவன், நடுப்பகலில் இவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஊறுகாய் நக்கிக்கொண்டிருப்பாள் என்று பந்தயம் கட்டியிருந்தான். மாலையில் ஆலுவாவிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்கள். மழையில் முற்றத்தில் உட்கார முடியாது, ஆண்களுக்குக் கிடங்கில்தான் விரிப்பு. வண்டியை அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா என்று ராவுத்தர் மிகவும் தயங்கிக் கேட்டார். மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவேன், அதுவும் சத்தமில்லாமல், என்று வாக்குக் கொடுத்தேன்.

காலையில் என்ஜினின் முன்மூடியைக் கழற்றினேன். சக்கரங்களை எப்படிச் சேர்த்து மாட்ட வேண்டும் என்பதற்குக் கம்பெனிக்காரனே ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குழி வைத்திருந்தான். கடுகளவு குழி. எனக்குத் திருப்தியில்லை. வெள்ளைப் பெயிண்டால் என் சொந்த அடையாளங்களை வைத்தேன், அழகாகவும் இருந்தது. பழைய செயினைக் கழற்றினேன். உள்ளே இருந்த கறுப்புப் பிசுக்கைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. அத்தனையையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். எல்லாம் பளபளத்தன. பெயிண்டும் போய்விட்டிருந்தது.

(இந்த இடத்தில் கதையைக் கேட்பவர்கள் ஒரு நிமிஷம் சிரிப்பார்கள். நான் காத்திருப்பது வழக்கம்.)

கம்பெனிக்காரன் வைத்த குழியைத் தேடினேன். தேய்ந்த சக்கரத்தில் குழிகளுக்கா பஞ்சம்? நியாயமாகத் தோன்றிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். ஒரே ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தேன் என்பது பிற்பாடு தெரிந்தது. மூடியைப் போட்டு முடுக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

நடுவில் ஷெரீபா வந்து கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தாள். உதடு காய்ந்திருந்தது, முகத்தில் ஒரு ராணியின் களை.

“மாமா, நான் எச்சில்கூட முழுங்கல, தெரியுமா?”

“எச்சில் முழுங்கலாமாக்கும் கொழந்தே.”

“வேணாம். சந்தேகம்.”

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு அவள்மேல் மிகுந்த மரியாதை உண்டாயிற்று. எங்கள் இனம்.

ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினேன். கிடங்குக்குள் பெட்ரோல் நெடி. மழை வலுத்து, கரண்டும் போயிற்று. ஆலுவா ஆட்கள் வந்து முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். லலிதா ஷெரீபாவுக்கு ஒரு பாவாடைத் துணியோடு வந்தவள், கிடங்கு வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏன்னா, அந்தச் சங்கிலி சத்தம் போட்டுண்டாவது ஓடிண்டிருந்தது. இப்போ சத்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை.”

ராவுத்தர் வந்து, நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாமே சாமி என்றார். அப்போதே தள்ளியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று அவரை உள்ளே அனுப்பினேன். சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எரியாத பெட்ரோல் எல்லாம் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

வெடித்தது.

அது கார் போடுகிற சத்தம் இல்லை. சைலன்சர் நீளவாக்கில் பிளந்தது. சந்தின் இரண்டு பக்கச் சுவர்களும் அந்தச் சத்தத்தை வாங்கி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டன. பிறகு ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில், ராவுத்தர் வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் ஒரு பெருமூச்சு. தொடர்ந்து தம்ளர்களின் ஓசை.

எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கதினா வெடிப்பார்கள். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்துத் தீ வைப்பது. வெடி கேட்டதும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கும். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மைக் இல்லை. பாங்கு கேட்காததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வானம் மத்தியானத்திலிருந்தே இருட்டிக் கிடந்தது. தெரு முழுக்க அந்த வெடி ஒன்றைத்தான் நம்பியிருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சூரியன் மறைய இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருந்தது.

கூடத்துக்கு ஓடினேன். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஷெரீபாவின் கன்னம் பேரீச்சம்பழத்தால் உப்பியிருந்தது. தோற்றுப்போன பெரியத்தா மகன் அவளுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தான். அவள் அம்மா எனக்கென்று தனியாக வைத்திருந்த, ரவையில் காய்ச்சிய தரிக்கஞ்சியை என் கையில் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு நின்றேன். சொன்னால் அந்தக் குழந்தையின் ஒரு நாள் பட்டினி வீண். சொல்லாவிட்டால் அவளோடு சேர்ந்து ஒரு தெருவே இன்னும் பத்தொன்பது நிமிஷம் சாப்பிடும், அப்புறம் உண்மை வெடியே என்னைக் காட்டிக்கொடுக்கும். வேற்று மதத்தான் வேண்டுமென்றே செய்தான் என்று யாராவது ஒருவர் நினைத்தாலும் போதும்.

“ராவுத்தரே,” என்றேன், “இது பள்ளி வெடி இல்லை. என் வண்டியாக்கும்.”

வாய்கள் அப்படியே நின்றன. ராவுத்தர் மெதுவாகத் தம்ளரைக் கீழே வைத்தார். ஷெரீபா யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“மாமா, மணி ஆகலியா?”

“ஆகலை கொழந்தே.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாதி மென்ற பழத்தை உள்ளங்கையில் துப்பி, கையை மூடிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தால் தேவலை.

ராவுத்தர் குடையை எடுத்தார். நானும் பின்னால் போனேன். பள்ளிவாசல் முன்னால் ஏற்கெனவே கூட்டம். கடிகாரம் பார்த்த நாலைந்து பேர், கதினா வைக்கும் மம்மது காக்காவைச் சுற்றி நின்று, கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர் மருந்து அடைத்த குழாயைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றார்.

“தொட்டுப் பாருங்கடா, சூடு இருக்கான்னு. தொட்டுப் பாத்துட்டுப் பேசுங்க.”

கறுத்த கைகளைக் கூப்பிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெரியவர் கேட்டார்:

“எது, அந்தக் குலுங்குற வண்டியா?”

“ஆமாம்.”

“குலுங்கிட்டே இருந்திருக்கலாமே சாமி.”

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பரவியது. மம்மது காக்கா மட்டும் சிரிக்கவில்லை; என்னைத் தொழில் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தொழுகை நடத்தும் முஸலியார் வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார். தெரியாமல் செய்ததில் பாவமில்லை. ஆனால் நோன்பு முறிந்தது முறிந்ததுதான். பெருநாள் கழித்து ஒரு நாள் களா நோன்பு, அதாவது ஈடு நோன்பு, வைத்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயமில்லை.

கட்டாயமில்லை என்பதை ஷெரீபா ஏற்கவில்லை. பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். வியாழக்கிழமை தெருவே சேர்ந்து களா வைக்கிறது என்றாள்.

“நீங்களும் வைக்கணும். தண்ணி கிடையாது. எச்சில் முழுங்கலாம், முஸலியார்கிட்ட கேட்டுட்டேன்.”

வைத்தேன். (லலிதா விடியலுக்கு முன் எழுந்து உப்புமா கிளறிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசாமல். பேச்சைவிட அது மோசம்.) மூன்று மணிக்குக் கம்பெனியில் மிளகு மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெண்பொங்கல் தெரிந்தது. ஒரு பத்தியைத் தொடர்ந்து ஐந்து தடவை கூட்டி ஐந்து விடை கண்டேன். மாலையில் ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் ஷெரீபா என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டு, பாங்கு முடிகிறவரை என் வாயையே காவல் காத்தாள். பிறகுதான் தன்னுடையதை எடுத்தாள். பந்தயத்தில் அவள் ஜெயித்தது அன்றைக்குத்தான்.

வண்டியை வறீது சேட்டன் வந்து சரிசெய்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் தெரு அப்படி விடவில்லை. ஈடு நோன்பு யார் வைத்தாலும், காய்ச்சலால் விட்டதானாலும் பிரயாணத்தால் விட்டதானாலும், அதற்கு எங்கள் தெருவில் ‘சாமி நோன்பு’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

போன மாதம் ஷெரீபாவுக்கு நிக்காஹ். எனக்கும் லலிதாவுக்கும் ஓரமாக இலை போட்டுச் சைவச் சாப்பாடு. மாப்பிள்ளையின் சித்தப்பா, காயங்குளத்துக்காரர், பக்கத்தில் உட்கார்ந்து உபசரித்தார். எங்களை யாரென்று அவருக்குத் தெரியாது. இந்தத் தெருவில் சாமி நோன்பு என்று ஒரு விசேஷம் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்றார். முன் காலத்தில் இங்கே ஒரு சாமியார் இருந்தாராம். பெரிய தவசி. தெரு ஜனங்களுக்காகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருந்தாராம். நம் பெண் அவர் கையைப் பிடித்துத்தான் முதல் நோன்பே திறந்தாளாம்.

நான் ரசத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

லலிதா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். “தவசிக்கு இன்னும் ரெண்டு பப்படம் போடுங்கோ,” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு இரண்டாம் முறை எது விழுந்தாலும், தவசிக்கு என்று சொல்லித்தான் விழுகிறது.