எந்திரிங்க வாட்சர்

தூக்கம் என்று ஒன்றைக் கடவுள் படைத்த விஷயம் எங்கள் எந்திரிங்க வாட்சருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் தகரம் தட்டி விரட்டியிருப்பார். போடிமெட்டுக்குக் கொஞ்சம் அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அவருக்குப் பங்களா காவல். அப்பன் ஆத்தா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. அங்கே தங்கப் போனவர்கள் எல்லாரும் கண் சிவக்க மலை இறங்கி வந்து, "எந்திரிங்க, எந்திரிங்கன்னு உசுர வாங்கிட்டான்யா" என்று புலம்பிப் புலம்பி அதுவே பேராகிவிட்டது.

விஷயம் இதுதான். வாலிபத்தில் அவர் ஏலக்காட்டில் காவல் இருந்தவர். யானை, காட்டுமாடு எது வந்தாலும் தகர டின்னைத் தட்டி விரட்டுவதுதான் சோலி. வயசான பிறகு முதலாளி அவரைப் பங்களாவுக்கு மாற்றி, "வர்ற விருந்தாளிக்கு மிருகம் கிருகம் வந்தா காட்டுய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். வந்தது வினை. மிருகம் வந்தால் டின்னைத் தட்ட வேண்டும், விருந்தாளியை எழுப்ப வேண்டும். இவர் இரண்டையும் சேர்த்தே முடித்தார். டமடமவென்ற சத்தத்தில் விருந்தாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் மிருகம் அடுத்த மலையில் இருக்கும். "இப்பத்தான் நின்னுச்சு அப்பு. கொஞ்சம் வெரசா வரக்கூடாதா?" என்று நம்மையே கோபித்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நான் என் மனைவி சரசுவை ஓய்வுக்காகக் கூட்டிப்போனேன். சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசி அது. போடியில் அந்த முதலாளியின் ஏலக்காய்க் கடையில்தான் எனக்கு வேலை. என் அம்மா வாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து, அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தாள். புரட்டிப் போட, தண்ணீர் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அவள் கூப்பிட்டது சரசுவைத்தான். அம்மா போன பிறகும் சரசுவின் காது ஓயவில்லை. கொஞ்சம் கண் அசந்தால் போதும், "இந்தா வர்றேன் அத்தே" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எழுந்த பிறகுதான் எதிர்க் கட்டில் காலியாக இருப்பது தெரியும். அப்புறம் எங்கே தூங்குவது? மாத்திரைக்கும் கேட்கவில்லை. ஆள் துரும்பாகிவிட்டாள்.

டாக்டர், "சத்தமில்லாத எடமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார். முதலாளி பெரிய மனசு பண்ணி, சனி ஞாயிறு தங்கிக்கொள்ளச் சொல்லிப் பங்களாவைக் கொடுத்தார். வாட்சரைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். ஊர்க்காரர்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஐயோ, குறைத்தல்லவா சொல்லியிருந்தார்கள்!

சனிக்கிழமை காலையில் ஜீப்பு ஏறினோம். வளைவு வளைவாகச் சுற்றிப் பங்களா வாசலில் இறங்கியபோது எனக்கே தரை சுற்றியது. தலையில் மப்ளர், கையில் டின், வாய் நிறைய வெற்றிலையோடு வாட்சர் நின்றார். பையைக்கூட வாங்கவில்லை.

"நோக்கு ஆத்தா, அங்க நோக்கு! ஆனை!" என்று எதிர்ச் சரிவைக் காட்டினார். அந்தப் பக்கம் எல்லோருடைய பேச்சிலும் மலையாளம் கொஞ்சம் கலந்திருக்கும்.

சரசு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அது பாறைதானண்ணே?"

"இப்பப் பாறை. காலையில ஆனையாத்தான் இருந்துச்சு."

சாப்பிட்டுவிட்டுச் சரசு தலையைச் சாய்த்தாள். டமடமடம! "எந்திரிங்க, எந்திரிங்க! மலையணிலு!" போய்ப் பார்த்தால் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து படுத்தாள். டமடமடம! கேளையாடாம், ஒரு சின்ன மான் ஜாதி. சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது காட்டுமாடு வந்தது. சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மாட்டைக் காணோம், அது போட்ட சாணிதான் கிடந்தது. "ஆவி பறக்குது பாருங்க அப்பு! இப்பத்தான் போட்டுச்சு" என்று அவர் அதையே பெருமையாகக் காட்டினார். அந்தக் குளிரில் நுரை காயக் காய நான் அதைப் பார்த்தேன்.

ராத்திரி வீட்டில் கழிகிற மாதிரியேதான் கழிந்தது. சரசு நாலைந்து தரம் அம்மாவுக்குப் பதில் சொல்லி எழுந்தாள். விடிந்ததும் இட்லியைப் பேருக்குத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தாள். அப்போதுதான் அவள் மூச்சு கொஞ்சம் சீரானதை நான் பார்த்தேன். டமடமடம!

சரசு எழுந்து வெளியே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். வாட்சர் பதறிப்போனார்.

"என்னாத்தா, ஏன் அழுகுற? கருமந்திதான். கடிக்காது."

"அண்ணே, எனக்கு எந்த மிருகமும் வேணாம்ணே. கொஞ்ச நேரம் தூங்கணும். அம்புட்டுத்தான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் அவரைச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அட பாவமே! இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன அப்பு?" என்று என்னைத் திட்டினார். பிறகு சரசுவிடம் வந்து நின்றார்.

"நீ போயிப் படு ஆத்தா. ஒன்னைய எவன் எழுப்புறான்னு நான் பாத்துக்கிறேன்."

எழுப்புகிற ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சரசுவுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க எழுப்பாட்டியும் எங்க அத்தை கூப்புடுவாங்கண்ணே" என்றாள்.

"கூப்புடட்டும். நான் இங்கனதான இருக்கேன்? கூப்புட்டா நான் போயி என்னன்னு கேக்குறேன். நீ எந்திரிக்காத."

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனாள். நான் எட்டிப் பார்த்தபோது வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதுசில் அப்படித் தூங்கிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் போல, சமையல்கட்டுக்குக் கீழே வாழை மரம் முறிகிற சத்தம் கேட்டது. பாறையும் இல்லை, அணிலும் இல்லை. நிஜ யானை. வாட்சர் டின்னைத் தூக்கிவிட்டார். கம்பையும் ஓங்கிவிட்டார். அங்கேயே நின்றார். சரசு படுத்திருந்த அறையைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். யானை தோட்டத்தில் இறங்கியும் தகரம் தட்டவில்லை என்றால் காவல்காரனுக்கு வேலை போய்விடும். அது முதலாளியின் சட்டம். எனக்கும் தெரியும். அவர் கம்பை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி யானையைப் பார்த்து, 'போயிரு சாமி' என்று வாயை மட்டும் அசைத்தார்.

அது சாவகாசமாக வாழையைத் தின்றது. அப்புறம் ஏலச்செடிகளை மிதித்துக்கொண்டு, தன் வீட்டுக் கொல்லையில் நடப்பது போல நடந்து ஓடைக்குள் இறங்கியது. அந்தப் பங்களாவில் தங்கி யானையை முழுசாகப் பார்த்த முதல் விருந்தாளி நான்தான். பயத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது.

அது முடிந்தால் இது. கீழே எங்களைக் கூட்டிப்போக ஜீப்பு வருகிற சத்தம். அந்த டிரைவர் வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கிறவன். வாட்சர் அந்த வயசில் சரிவில் விழுந்தடித்து ஓடினார்.

"ஆரன் அடிச்ச, கைய ஒடிச்சிருவேன்! எஞ்சின அமத்துடா!"

"ஏண்ணே, ஆனை நிக்கிதா?"

"ஆத்தா தூங்குதுடா!"

டிரைவரும் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தான். மூன்று ஆம்பிளைகள் வாயைத் திறக்காமல் இருந்தோம். பொழுது சாய்கிற நேரத்தில்தான் சரசு கண் விழித்தாள். "அத்தை கூப்புடவே இல்லைங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து முதலாளி வாட்சரைக் கடைக்கு வரவழைத்தார். யானை செடிகளை மிதித்ததை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஏன்யா தகரம் தட்டல?"

"கண்ணசந்துட்டேன் மொதலாளி" என்றார் வாட்சர்.

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பத் தூங்குனது யாருய்யா? நீயா, அந்தப் பிள்ளையா?"

"யாரு தூங்குனா என்ன மொதலாளி? நல்லாத் தூங்கியாச்சு."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போய்யா, போய் வேலையப் பாரு" என்றார். எனக்கு வாட்சரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கடை நிறைய ஆட்கள் இருந்ததால், வெளியே கூட்டிப்போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.