மேற்கு ஜன்னல் ஓரத்துக் காற்றுப் போர்

வாழ்க நந்தனா! ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் கடைசி பெஞ்சுக்கு அணிகலனே, தகரக்கூரைத் தணலைத் தலையில் தாங்கும் தனிப்பெருந் தாரகையே, மேற்கு ஜன்னல் வெயிலை முகத்தில் ஏற்கும் மறக்குலக் கொழுந்தே, நின் போரைப் பாடப் புகுந்தேன். கலைமகளே, என் நாவைக் காத்தருள்க, முக்கியமாகத் தலைமையாசிரியரிடமிருந்து.

காற்றாலைகளும் அசைவற்று நின்ற மாசி மாத மதியமொன்றில், தோவாளைப் பக்கத்துப் பள்ளியொன்றில், சுண்ணக்கட்டி வாளேந்திய சமூக அறிவியல் ஆசான் சத்தியநேசன் காலநிலை நீதி என்னும் பெரும்பொருளை முழங்கிக்கொண்டிருந்தார். பூமியைச் சுடவைத்தவன் குளிரறையில் கிடக்க, ஒரு பாவமும் அறியாதவன் வேகிறானே, இதைக் கேட்க நாதியில்லையா என்று அவர் கர்ஜித்த அக்கணத்தில், அவர் உச்சந்தலைக்கு நேர்மேலே, அவ்வறையின் ஒரே சக்கராயுதமாகிய மின்விசிறி, அவருக்கும், மார்க் வரிசைப்படி முதல் பெஞ்சில் கொலுவீற்றிருந்த மூவருக்கும் மட்டுமே தென்றல் சொரிந்தது.

மதியம் தவறாமல் தலைவலியில் தவிக்கும் நந்தனா எழுந்தாள். அறை கிடுகிடுத்தது.

"சார், பெஞ்ச மாத்தி மாத்தி இருந்தா எங்களுக்கும் காத்து கெடைக்கும்லா?"

முதல் பெஞ்சின் முடிமன்னன் ஷிஜின் திரும்பினான். "ஏட்டி, நீயும் மார்க் எடு. அப்பம் இங்க வந்து இரி."

கூடிற்று மாநாடு. முன்வரிசை வல்லரசுகள் பின்வரிசையின் துயரை மனமுருகி ஒப்புக்கொண்டு, இடம் மாறுவதை வரும் கல்வியாண்டில் பரிசீலிப்பதாக வாக்களித்தன. அப்போது நந்தனா வேறு வகுப்பில் இருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. சார் கைதட்டச் சொன்னார். எனக்கு வயிறு எரிகிறது. ஆயினும் காவியம் பாடுகிறவன் கோபப்படலாகாது.

நிறைவாக நீதிக்காவலர் சத்தியநேசன் தீர்ப்புரைத்தார்: மேற்கு ஜன்னலுக்கு வெளியே வேப்பங்கன்று ஒன்று நடப்படும், அது வானளாவ ஓங்கி, கிளைபரப்பி, வெங்கதிரோனைப் புறங்கண்டு, கடைசி பெஞ்சின் வழிவழித் தலைமுறைகளுக்கு நிழல் நல்கும், பயன்பெறப் போகிறவளே அதற்கு நாள்தோறும் மதிய இடைவேளையில் நீர்வார்க்கும் பெரும்பேற்றையும் பெறுவாள். முன்வரிசை மேசை தட்டி ஆர்ப்பரித்தது. முரசதிர, சங்கொலிக்க, வெற்றித்திருமகள் வாகை சூட்ட, வீராங்கனை களம் நோக்கி எழுந்தாள்.

நந்தனா வாளியை எடுத்துக்கொண்டு வெயிலில் போனாள்.