அம்மா திருத்திய ஆறு அமெரிக்கப் படங்கள்

கலியாணத்துக்குச் சாதகக் குறிப்புக் கொடுக்கும்போது கூடவே ஒரு விபரத்தாளும் கொடுப்பார்கள். அதில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உண்மையை எழுதிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உண்மையை எழுதியிருந்தால் எனக்கு 'சாப்பிட்டுவிட்டுப் படுத்தல்' என்றுதான் வந்திருக்கும். என் அண்ணை 'ஆங்கிலத் திரைப்படங்கள் பார்த்தல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் அதுவரை பார்த்த ஆங்கிலப் படம் ஒன்றே ஒன்று. அதுவும் பாதியில் கரண்ட் போய்விட்டது. (மிச்சப் பாதியைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.)

அண்ணையைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் இருக்கிற கரவெட்டி மாப்பிள்ளையின் தாளிலும் அதே வரி இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் அச்சுவேலியில் இருந்தது. அங்கே அண்ணை விரும்பிய பெண் ஐந்து வருடமாகக் காத்திருந்தாள். வீட்டில் தங்கச்சி இருக்க அண்ணன் முந்திக் கலியாணம் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எனக்கு இருபத்தொன்பது வயது, மூன்று சம்பந்தம் ஏற்கனவே தட்டிப்போயிருந்தது. பெண்ணின் தகப்பனை நாங்கள் 'அச்சுவேலியார்' என்றுதான் சொல்வோம். அவர் ஒருநாள் அண்ணையைக் கூப்பிட்டு, "தம்பி, ஆவணி வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகு நான் வேறை இடம் பேசுவன். பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்போது ஆனி மாதம் பாதி போயிருந்தது.

அதாவது, நான் தோற்றால் இரண்டு கலியாணம் குழம்பும். இந்த நினைப்போடு மூன்று வேளையும் சோறு இறங்கினால் அவள் பெண்ணே இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடியோவில் பெண் பார்ப்பது என்று முடிவானது. அவர்களுக்கு அது சனிக்கிழமை இரவு. புதன்கிழமை அண்ணை தன் கடையிலிருந்து (சண்டிலிப்பாய்ச் சந்தியில் போன் திருத்துகிற கடை) ஆறு அமெரிக்கப் படங்களைக் கொண்டுவந்து தந்தார்.

"ஆறும் ஆறு வகை. காதல், கோடு கச்சேரி, விண்வெளி, பேய், கொள்ளை, நாய். எதைக் கேட்டாலும் சொல்லலாம்."

"அண்ணை, எனக்கு உந்த இங்கிலீசு விளங்காது."

"கதை மட்டும் விளங்கினாப் போதும். அவையள் வாய் அசைக்கிறதைப் பாத்தாலே விளங்கும்."

பிரதேச செயலகத்தில் வேலை முடிந்து வந்து, மூன்று பின்னேரம் அந்தப் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். விளங்காத இடங்களை இணையத்தில் தேடிப் படித்தேன். ஒரு கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கமாகக் கதையைத் தமிழில் எழுதினேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கொப்பி முழுக்கச் சிவப்பு மை.

என் அம்மா முப்பத்திரண்டு வருடம் சைவசமயம் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர். கொப்பி என்று ஒன்று மேசையில் திறந்து கிடந்தால் திருத்தாமல் போக அவருக்கு ஏலாது. அதிலும் இது மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் சொல்லப்போகிற கதை. அவர் எழுத்துப்பிழையோடு நிற்கவில்லை, ஒழுக்கத்தையும் திருத்தியிருந்தார்.

நீதிமன்றப் படத்தில் ஒரு கொலை. அம்மா அதை வெட்டிவிட்டு மேலே 'எல்லைவேலி' என்று எழுதியிருந்தார். ஒருவன் பக்கத்துக் காணிக்காரனைக் கொன்றான் என்பது, ஒருவன் பக்கத்துக் காணிக்காரனின் வேலியை ஒன்றரை அடி தள்ளிப் போட்டான் என்று மாறியிருந்தது. கொள்ளைக்காரர் நாலு பேர் வங்கிக்குக் காசு எடுக்கப் போயிருந்தார்கள். பேய்வீட்டில் பேய் இல்லை. வாடகைக்கு இருந்தவர் வீட்டைவிட்டு எழும்ப மறுக்கிறார். விண்வெளியில் தனியாக மாட்டிக்கொண்டவனின் மனைவி இன்னொருவனோடு போய்விடுவாள். அம்மாவின் திருத்தத்தில் அவள் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாய் மட்டும் தப்பியது.

காதல் படத்தில்தான் அம்மா கைவரிசையை முழுதாகக் காட்டியிருந்தார். அந்தப் படத்தில் முன்பின் தெரியாத ஒருவனும் ஒருத்தியும் பனி கொட்டியதால் ஒரு விமான நிலையத்தில் மூன்று நாள் மாட்டிக்கொள்கிறார்கள். சண்டை பிடிக்கிறார்கள், பிறகு விரும்புகிறார்கள், கடைசியில் தேவாலயத்தில் கலியாணம். அம்மா அவர்களை அண்ணனும் தங்கச்சியும் ஆக்கிவிட்டார். கலியாணம், புது வீடு குடிபூரல் ஆகிவிட்டது.

"அம்மா, அவள் வெள்ளைக் கவுனோடை பூச்செண்டு பிடிச்சுக்கொண்டு வாறாள்."

"வீட்டுக்காரி. குடிபூரலுக்கு வேறை எப்பிடி வாறது?"

"பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"பிள்ளை, கலியாணம் பேசுற இடத்திலை காதல், கொலை, விட்டிட்டு ஓடுறது எண்டு வாய் திறக்கேலாது. தாய் மனுசி பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருப்பா. எப்பிடிப்பட்ட பிள்ளை எண்டு நினைப்பா? பெடியன் உதை எல்லாம் நுணுக்கமாய்க் கேக்கமாட்டான்."

நான் ஏன் அப்போதே கொப்பியைத் தூக்கி எறியவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால், அண்ணை கதவடியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு வாதாட மனம் வரவில்லை. இரவோடு இரவாக அம்மாவின் திருத்தத்தைப் பாடமாக்கினேன்.

ஞாயிறு காலை. ஏழு மணிக்கே சேலைக்குள் வியர்த்து ஒழுகியது. காற்றாடியைப் போட்டால் சத்தம் கேட்கும் என்று அம்மா நிறுத்திவிட்டார். கணினிக்குப் பின்சுவரில் கொப்பியிலிருந்து கிழித்த ஆறு தாளும் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்துக் கதிரையில், கமராவில் விழாதபடி, அம்மா இருந்தார்.

மாப்பிள்ளை அமைதியான மனிதர்போல இருந்தார். பக்கத்தில் தாய், நெற்றி நிறையத் திருநீறு. வேலை, படிப்பு, சமையல் எல்லாம் கேட்டு முடிந்தபிறகு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்களும் இங்கிலீசுப் படம் பாக்கிறனீங்களாம். கடைசியா என்ன பாத்தனீங்கள்?"

நான் நீதிமன்றப் படத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அது என்ரை விருப்பமான படம். எப்பிடி இருந்தது?"

விருப்பமான படம். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாடமாக்கியவளுக்கு நிறுத்தத் தெரியாது, ஒப்புவிக்கத்தான் தெரியும். "ஓம், அதிலை அந்த ஆள் பக்கத்துக் காணிக்காரற்றை எல்லைவேலியை ஒன்றரை அடி..." என்று தொடங்கி முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"அதிலை ஒரு கொலை வந்த மாதிரி எனக்கு ஞாபகம்" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"அது... வேலிக் கதியாலைத்தான் வெட்டினவை."

"அமெரிக்காவிலையும் வேலிப் பிரச்சினையோ?" என்று தாய் ஆச்சரியப்பட்டார். "நான் இஞ்சை வேலியே இல்லையெண்டெல்லோ நினைச்சனான்."

அதோடு அந்த மனுசிக்குக் கதை கேட்கும் ஆசை வந்துவிட்டது. "வேறை என்ன படம் பாத்தனீர் பிள்ளை?" என்றார். சுவரில் அடுத்த தாள் விமான நிலையம். அம்மா அதையே விரலால் காட்டினார்.

பனிக்குள் மாட்டிக்கொண்ட அண்ணன், தங்கச்சியின் கதையைச் சொன்னேன். பயத்தில் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவர்கள் உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு விளங்கிவிட்டது, அவர் அந்தப் படத்தையும் பார்த்தவர். ஆனால் அந்த நல்ல மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தாயின் கண்ணில் தண்ணீர். "எனக்கும் ஒரு அண்ணை கரவெட்டியிலை இருக்கிறார். பதினாலு வருஷமாக் கதை பேச்சில்லை" என்றவர், மகன் பக்கம் திரும்பினார். "உப்பிடியான படங்களோ நீ பாக்கிறனி? நான் இவ்வளவு நாளும் உன்னைப் பிழையா நினைச்சுப்போட்டன். நாளைக்குக் கோயிலாலை வந்து, எங்கடை பொம்பிளையளையும் கூப்பிட்டு எல்லாருமாய் இருந்து பாப்பம்."

"அம்மா, அது வேண்டாம்..."

"போடு எண்டாப் போடு."

அழைப்பு முடிந்தது. அம்மா எழுந்துபோய்ப் பாயசத்துக்குச் சவ்வரிசி ஊறப்போட்டார். அண்ணை அச்சுவேலிக்குப் போன் எடுத்துச் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். நான் சேலையோடு கட்டிலில் குந்திக்கொண்டு மணிக்கணக்குப் பார்த்தேன். அவர்களின் ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு இரவு. அப்படியென்றால் திங்கள் விடியும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் படத்தில் எத்தனை முத்தம் என்று எண்ணிப் பார்த்தேன். நாலு என்று ஞாபகம். பனிக்குள் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, மற்ற இரண்டும் எங்கே என்று தெரியவில்லை. அன்று முழுவதும் எனக்கு அதே எண்ணம்தான். பாயசத்தை நான் தொடவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்.

"பிள்ளை, அவை அண்ணனும் தங்கச்சியும் எண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஓம் அன்ரி."

"ஆறு தரம் பிள்ளை. ஆறு தரம். மூண்டாந் தரத்தோடை எங்கடை கோயில் செயலாளற்றை மனுசி எழும்பிப் போட்டா. கடைசியிலை கொண்டுபோய்ச் சேர்ச்சிலை வைச்சு மோதிரமும் போடுறாங்கள். உமக்கு உது நல்ல படமோ? உதைப் பாத்துத்தான் நீர் அழுதனீரோ?"

கொலையையே சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திராது. காதலர் முத்தம் கொடுப்பதை அமெரிக்காவில் இருக்கிற ஒரு தாய் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுவார். நாங்கள் ஒழுக்கம் சேர்க்கப் போய் உலகத்தில் இல்லாத அசிங்கத்தை உண்டாக்கி, அதைக் கோயில் பெண்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தோம்.

"அன்ரி, அவை சகோதரங்கள் இல்லை. விரும்பினவை. நான் சொன்னது பொய்" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

அப்போது அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். என் வாழ்க்கையில் அம்மா தன் பிழையை ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. சோற்றில் உப்புக் கூடினால்கூட உப்புக்காரனில்தான் பிழை. அவர் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"பிள்ளையிலை பிழையில்லை. அவள் சரியாத்தான் எழுதினவள். நான்தான் திருத்தினனான்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அம்மா வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரில் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை தரகர் வந்து, குறிப்புப் பொருந்தவில்லையாம் என்றார். (எட்டுப் பொருத்தம் இருக்கென்று சொன்னவரும் அவரேதான்.) அண்ணை கடைக்குப் போய், திருத்தி முடித்த போன்களையெல்லாம் மறுபடி கழற்றித் திருத்திக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தில் முழிக்கவே பயந்தேன்.

வியாழன் பின்னேரம் அச்சுவேலியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கதை முடியப்போகிறது என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தப் படக்கதையை ஒருக்காச் சொல்லும்."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேலி வழக்கையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். "தீர்ப்பு என்ன?" என்று கேட்டார். (அவருக்கும் ஒரு வேலி வழக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் அறிந்தேன்.) பிறகு கோப்பையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ரீச்சர், எனக்கு இந்தக் கதை கனடாவிலை இருக்கிற என்ரை தம்பியிட்டை இருந்து வந்தது. அவனுக்கு லண்டனிலை இருந்து வந்ததாம். ஜேர்மனிக்கும் போட்டுதாம். இது ஆறி, இந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் சரிவர எப்பிடியும் ரண்டு மூண்டு வருஷம் செல்லும். அதுவரைக்கும் என்ரை மகளை வைச்சுக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. வழக்கம் கிழக்கம் எல்லாம் கிடக்கட்டும். ஆவணியிலை இவை ரண்டு பேரின்ரை கலியாணத்தை முடிப்பம்."

அண்ணை எழுந்து குசினிக்குள் போய்விட்டார். நான் பின்னால் போனேன். அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தங்கச்சி, நீ வடிவா ஒப்பேத்தியிருந்தாக்கூட இது இவ்வளவு கெதியா நடந்திராது" என்றார். வெட்கத்திலும் சந்தோசத்திலும் எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. என்னை இனி யாரும் கட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு கலியாணம் நிச்சயமான வீடு வலிகாமத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அச்சுவேலியாரின் கணக்கும் சரிதான். எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்ததும் இருக்காததுமாகக் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைதானோ?"

அம்மாதான் அதிலிருந்து இன்னும் மீளவில்லை. ரீவியில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து தோன்றினால் போதும், யாரும் கேட்கமுன்னம் கையை உயர்த்திவிடுவார். போன கிழமையும் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, "இவை ரண்டு பேரும் காதலர். நான் ஒண்டும் மாத்தேல்லை, இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

அவர்கள் இருவரும் எட்டு மணிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.